வாசிப்பதற்கு முன்பே கையில் இருந்த எண்

இரண்டு பேருடைய விடையிலும் மிகச் சிறிய எண் 999 என்று வந்திருந்தது. நான் கொடுத்த தரவில் 999 என்ற எண்ணே கிடையாது.

கியூபெக்கில், லவால் என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் அப்போது நான் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மெட்ரோவின் ஆரஞ்சு வழித்தடம் ஆற்றைத் தாண்டி அங்கே வரை நீண்டு ஓரிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. என் வீடு நோத்ர-டாம்-த-கிரேஸில். அந்த வழித்தடம் நேராகப் போகிற சமாச்சாரம் இல்லை; தெற்கே இறங்கி, நகர மையத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபடி வடக்கே ஏறும். காலையில் அந்த வளைவு முழுவதையும் நின்றுகொண்டே கடப்பேன். மாலையில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவேன். சென்னையில் பொறியியல், இங்கே வந்து முதுகலை, அதற்குப் பிறகு இரண்டு வருடம் வேலை தேடல், கடைசியில் இந்த மணிக்கணக்கு ஒப்பந்தம். வகுப்பெடுப்பதும் நான், திருத்துவதும் நான். நிரந்தரம் மட்டும் நான் இல்லை.

கணவர் அந்த வருடம் டொரன்டோவில் வேலையில் இருந்தார். மகளை கார்தெரியில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், காலையில் விடுவதும் மாலையில் அழைத்துவருவதும் என் ஒருத்தி தலையில். கார்தெரி ஆறு மணிக்கு மூடிவிடும். ஆறு அடித்து ஐந்து நிமிடம் ஆனாலும், மகள் குளிர்சட்டையும் பூட்ஸும் போட்டு, வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அந்தக் காட்சியைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே என் நாள் முழுவதும் ஓடும். நான்கே முக்காலுக்கு நான் மெட்ரோவில் இருந்தாக வேண்டும். யார் என்ன சொன்னாலும், எந்த வேலை பாதியில் நின்றாலும், நான்கே முக்கால்.

அந்த வாரத்துப் பயிற்சி எளிமையானது. நிரல் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். முடிவில் எது பெரியது, எது சிறியது என்று சொல்ல வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் இதில் ஒரே இடத்தில் வழுக்குவார்கள். பெரியதற்கு ஒரு பெட்டி, சிறியதற்கு ஒரு பெட்டி வைத்துக்கொள்வார்கள். இரண்டிலும் ஆரம்பத்தில் சுழியத்தைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் வருகிற எண்களில் எதுவும் சுழியத்தைவிடச் சிறியதாக இருக்காது. ஆகவே சிறிய எண் சுழியம் என்றே விடை வரும். அந்த வழுக்கலைப் பார்க்கத்தான் நான் தரவைத் தயாரித்திருந்தேன்: ஒரு பாலத்தைத் தினமும் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை என்று, எல்லாமே ஆயிரத்துக்கு மேல், நானே கற்பனையில் போட்ட எண்கள். நான் மெட்ரோவில் போகிறவள். ஆனாலும் தாமதமாகப் போகிற நாளெல்லாம் பாலத்தில் நெரிசல் என்று சொல்லிப் பழகிவிட்டதால் பாலம்தான் முதலில் மனதில் வந்தது.

இருபத்தெட்டுப் பேர். பத்தொன்பது பேருக்குச் சுழியம் வந்தது. ஏழு பேர் சரியாகச் செய்திருந்தார்கள். மிச்சம் இரண்டு பேருக்கு 999.

சரியான விடைகள் ஒன்றுபோல இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இந்த மாதிரித் தப்பு ஒன்றுபோல இருந்தால் திருத்துகிறவளுக்கு மூக்கு வேர்த்துவிடும். நிரல்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் சிறியதன் பெட்டியில் ஆரம்பத்திலேயே 999; என் எண்கள் எல்லாம் அதைவிடப் பெரியவை, ஆகவே அது மாறவே இல்லை. இரண்டிலும் பெட்டிகளின் பெயர் periya, siriya. தமிழ் தெரியாத யாருக்கும் அது வெறும் எழுத்துக் கூட்டம். எனக்குத் தெரியுமே. இரண்டிலும் k என்று எண்ணிக்கை வைக்கும் ஒரு பெட்டி வேறு, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிக்கொண்டே போகிறது, கடைசி வரை எதற்கும் பயன்படவில்லை. ஒருவர் மற்றவருடையதைப் பார்த்து எழுதியிருக்கிறார். வேறென்ன இருக்க முடியும்?

ஒன்று, முன்வரிசையில் உட்காரும் அக்காவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பதினோரு வருடம் ஹோட்டல்களின் துணி வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்து வலது மணிக்கட்டு வீணாகி, அதில் எப்போதும் ஒரு பட்டி கட்டியிருப்பார். அந்தக் கையைக் காட்டித்தான் அரசாங்கம் இந்தப் படிப்புக்கு அவரை அனுப்பியிருந்தது. படிக்கும் வரை ஒரு உதவித்தொகையும் உண்டு. முதல் நாளே என்னைப் பார்த்ததும் தமிழா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாளிலிருந்து இடைவேளையில் அவருடைய பிளாஸ்க்கில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட தேநீர்.

“என்ன பிள்ளை, முகமெல்லாம் வாடிக் கிடக்கு. இரவு நித்திரை கொள்ளேல்லையோ?”

“பாப்பாவுக்கு ஜலதோஷம்க்கா. தூங்கவே விடல.”

“இந்தா, முதல்ல இதைக் குடி. பேந்து கதைப்பம்.”

அந்த ஊரில் என்னை நீ என்று கூப்பிட வேறு யாரும் இல்லை. அம்மா தொலைபேசியில் கூப்பிடுவாள், அவ்வளவுதான். அந்தப் ‘பிள்ளை’யைக் கேட்பதற்காகவே இடைவேளைக்குக் காத்திருந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, கதவோரம் உட்காரும் அண்ணையுடையது. அவரும் யாழ்ப்பாணம்தான், நாற்பத்தைந்தை நெருங்குகிறவர், டாக்சி ஓட்டி முதுகு போனவர். மணி அடித்தபின் வருவார், மணி அடிக்குமுன் போவார். அக்காவும் அவரும் பேசி நான் பார்த்ததில்லை. ஒரே ஊர்ப் பக்கத்து ஆட்கள், ஒரே வகுப்பு, ஒரு வார்த்தை பேச்சில்லை. அன்று அதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. வெளியே தெரியக் கூடாது என்று பேசாமல் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். களைத்துப் போனவளுக்கு எல்லாமே சாட்சியாகிவிடும்.

அது வெள்ளிக்கிழமை மாலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மணி நான்கு இருபது. விடைகள் ஒரேமாதிரி இருந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்பது விதி. ஒரு பக்கம்தான். ‘சந்தேகத்துக்குரிய ஒற்றுமை’ என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டேன். பெயர்கள், தேதி, கையெழுத்து. கீழே ஒரு பெரிய கட்டம்: மாணவர்களிடம் பேசினீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள். அதைப் பிரெஞ்சில் எழுத எனக்கு அரை மணி ஆகும். பேசுவதென்றால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். திங்களன்று இன்னும் இருபத்தெட்டுத் தாள்கள் வந்துவிடும். கட்டத்தைக் காலியாக விட்டு, பயிற்சித் தலைவியின் தட்டில் படிவத்தை வைத்துவிட்டு ஓடினேன். ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கார்தெரிக்குள் நுழைந்தேன். மகள் பெஞ்சில் இல்லை, உள்ளே விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் ஜெயித்தவள்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வகுப்புக்கு வெளியே, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கடிதம். பட்டி கட்டிய கையால் அதை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“பிள்ளை, இதை வாசிச்சுச் சொல்லு. எனக்கு விளங்கினது சரியோ எண்டு பாக்கோணும்.”

வாசித்தேன். அவருக்கு விளங்கியது சரிதான். புதன்கிழமை விசாரணை. நகல் எடுத்தது உறுதியானால் பயிற்சி நிறுத்தப்படும், உதவித்தொகையும் நிற்கும்.

“நான் ஆரிட்டயும் கொப்பி அடிக்கேல்லைப் பிள்ளை. அந்த மனிசனை எனக்குத் தெரியவே தெரியாது. இது நிண்டுதெண்டால் நான் திரும்ப அந்த லோண்ட்றிக்குத்தான் போகோணும். இந்தக் கையால இனி ஒரு துவாயைக்கூடப் பிழிய ஏலாது.” கொஞ்சம் நிறுத்தினார். “இதை ஆர் எழுதிக் குடுத்தது?”

என் பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை. ‘ஆசிரியரின் அறிக்கையின்படி’ என்று மட்டும் இருந்தது. எங்கள் வகுப்புக்கு ஆசிரியர் நான் ஒருத்திதான்.

“ரூல்ஸ் அப்படிக்கா,” என்றேன். “என் கையில எதுவும் இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கடிதத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைய இடைவேளையில் அவர் எழுந்திருக்கவே இல்லை.

புதன்கிழமை விசாரணையில் எனக்கு இரண்டு வேலை. குற்றம் சொன்னவளும் நான், மொழிபெயர்க்கிறவளும் நான். அக்காவுக்குக் கடைகண்ணிக்குப் போதுமான பிரெஞ்சு வரும். பதறும்போது அதுவும் வராது. பயிற்சித் தலைவி ஐம்பது வயதுக் கியூபெக் பெண்மணி, அதட்டிப் பேசத் தெரியாதவர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, பேச்சைக் குறைப்போம் என்றார். அக்காவை ஒரு மேசையிலும் அண்ணையை அறையின் மறுகோடியில் இன்னொரு மேசையிலும் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில். அதே நிரலை இங்கேயே எழுதுங்கள் என்றார்.

இரண்டு பேரும் முதலில் தாளின் இடப்பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்தார்கள். மடிப்பை நகத்தால் ஒரு இழு இழுத்துப் பிரித்தார்கள். ஓரம் விடுவதற்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் செய்கிற வேலை. நானும் அப்படித்தான் செய்வேன்.

நிரலை எழுதினார்கள், நிற்காமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தபோது இரண்டு பேரும் அதற்குக் கீழே ஒரு அட்டவணை போட்டார்கள். மூன்று பத்தி: en, periya, siriya. முதல் வரிசையில் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு, பெரியதற்குக் கீழே 0, சிறியதற்குக் கீழே 999. யாரும் அதைக் கேட்கவில்லை. தலைவி இரண்டு தாள்களையும் வாங்கி மேசையில் வைத்தார். கையெழுத்து மட்டும்தான் வேறு.

“இந்த 999 எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். அக்கா என்னைப் பார்க்காமல் தலைவியைப் பார்த்தே பதில் சொன்னார்.

“எங்கட ஊரில அப்ப கரண்ட் இல்லை. கம்ப்யூட்டரைப் படத்தில மட்டும்தான் கண்டனாங்கள். ஆனா படிச்சனாங்கள். ரியூசன் கொட்டிலில மாஸ்ரர் எங்களைத்தான் கம்ப்யூட்டராய் இருத்துவார். ஒராள் ‘பெரியது’. ஒராள் ‘சிறியது’. இன்னொராள் எண்ணை ஒவ்வொண்டாய் வாசிப்பா. கூடினால் பெரியது தன்ர அட்டையை மாத்தும், குறைஞ்சால் சிறியது மாத்தும், இல்லாட்டிப் பேசாமல் இருக்கோணும். தொடங்க முதலே அட்டையைக் கையில தந்திடுவார். பெரியதுக்குச் சைபர். சிறியதுக்குத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஏனெண்டால் வாசிக்கிறது எப்பவும் சோதினைப் புள்ளிதான். நூறுக்கு மேல ஆருக்கு வரும்?” பட்டி கட்டிய கையை மேசைமேல் வைத்தார். “ஒண்டரை வருசம் நான்தான் சிறியது. அந்த அட்டையைப் பிடிச்சுக்கொண்டிருந்தது இந்தக் கைதான்.”

அதை நான் பிரெஞ்சில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் அவருடைய ‘நான்’ என் வாயில் ‘நான்’ ஆகத்தான் வந்தது. நான்தான் சிறியது என்று சொன்னேன். நான் யாரையும் பார்த்து எழுதவில்லை என்று சொன்னேன். தலைவி ஒரு கோப்பைத் தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

அறையின் மறுகோடியிலிருந்து அண்ணை எழுந்து நின்றார். முதுகைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக அக்காவைப் பார்த்துப் பேசினார்.

“கண்ணாடிக் காலுக்கு நூல் சுத்தின மாஸ்ரரோ?”

“ஓம்.” அக்கா திரும்பினார். “பச்சை நூல்.”

“சந்தைக்குப் பின்பக்கத்துக் கொட்டில்?”

“ஓம் ஓம். மழை பெய்தால் வாங்கு மேசையெல்லாம் நனையும்.”

“நான் உங்களுக்கு ரெண்டு வருசம் முன்னம் படிச்சனான்,” என்றார் அண்ணை. “எனக்கும் அந்த அட்டையள்தான். k எண்டு ஒராள் சும்மா விரல் மடிச்சு எண்ணிக்கொண்டு இருப்பான்.”

“ஏன் எண்டு கடைசிவரைக்கும் மாஸ்ரர் சொல்லேல்லை,” என்றார் அக்கா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அக்காவின் கண் நிறைந்திருந்தது. இதையெல்லாம் நான் மொழிபெயர்க்கவில்லை. தலைவிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

அடுத்த ஐந்து நிமிடத்தில், இருவர்மேலும் குற்றமில்லை என்று விசாரணை முடிந்தது. அவர்கள் இருவரும் வெளியே போனபின் தலைவி என் படிவத்தை எடுத்து, கீழே காலியாகக் கிடந்த கட்டத்தைக் காட்டினார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“இவர்கள் உங்கள் மொழி பேசுகிறவர்கள்தானே?” என்றார். “இதை நீங்களே கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. பிளாஸ்க்கின் மூடியில் தேநீர் ஆறுவதற்குள் கேட்டு முடித்திருக்கலாம். என் களைப்பைக் காரணம் சொல்ல வாயெடுத்தேன். அதைக்கூடப் பிரெஞ்சில் சரியாகச் சொல்ல வரவில்லை. மன்னிக்கவும் என்று மட்டும் சொன்னேன். அதையும் தப்பான ஆளிடம் சொன்னேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பயிற்சியின் சரியான வழியைப் பலகையில் எழுதினேன். எந்த எண்ணையும் முன்கூட்டியே பெட்டியில் போடாதீர்கள். முதலில் ஒரு எண்ணை வாசியுங்கள். அதையே பெரியதாகவும் சிறியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்ணிலிருந்து ஒப்பிடுங்கள். அப்போது தரவு எதுவாக இருந்தாலும் விடை தரவிலிருந்துதான் வரும்.

முன்வரிசையில் கை உயர்ந்தது. பட்டி கட்டிய கை.

“அப்ப மிஸ்,” என்றார் அக்கா, தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஒண்டையும் வாசிக்க முதல், கையில ஒரு முடிவை வச்சுக்கொண்டு தொடங்கக் கூடாது. அப்பிடித்தானே?”

“ஆமாக்கா,” என்றேன்.

“விளங்குது மிஸ்.”

அவர் குத்திக்காட்டத்தான் சொன்னாரா, பாடத்தைத்தான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் எதுவும் இல்லை. குனிந்து, 999 இருந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். அன்றைய வகுப்பில் முதலில் முடித்தவர் அவர்தான்.

இடைவேளையில் பிளாஸ்க் வந்தது. அண்ணை தன் நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். மாஸ்ரர், கொட்டில், யார் யார் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று இரண்டு பேரும் பேசித் தீர்த்தார்கள். நான் அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்தேன். மூன்றாவது தடவை நடக்க வெட்கமாக இருந்தது. அந்தக் குளிர்காலம் முடியும் வரை தாழ்வாரத்து இயந்திரத்தில் காசு போட்டு, பிளாஸ்டிக் வாசம் அடிக்கிற தேநீரைத்தான் குடித்தேன்.

மன்னிப்புக் கேட்டேன், கேட்காமல் இல்லை. ஒரு வாரம் கழித்து, மெட்ரோ வாசலில் அவரைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். தப்பு என்மேலதான்க்கா, நான்தான் எழுதிக் கொடுத்தேன், உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் என்றேன்.

“பரவாயில்லை மிஸ்,” என்றார். “உங்கட வேலையை நீங்கள் செய்தனீங்கள். அதுக்கென்ன.” திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவ்வளவு மரியாதையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் படியிறங்கினேன்.

ஜூன் மாதம் பயிற்சி முடிந்தது. அக்கா நல்ல மதிப்பெண்ணோடு தேறினார். ஒரு மருந்துக் கிடங்கின் அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. கடைசி நாள் வகுப்பு முழுவதற்கும் பயற்றம் பணியாரம் செய்து கொண்டுவந்திருந்தார். வரிசையாக எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்து என் முன்னாலும் நீட்டினார்.

“எடுங்கோ மிஸ்.”

எடுத்துக்கொண்டேன். கையைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டியவர், “அப்ப, போட்டு வாறன் மிஸ்” என்றார். ஒருதடவை, ஒரே ஒரு தடவை பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போங்கக்கா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நாற்பது. கார்தெரி ஆறு மணிக்கு மூடிவிடும்.